ஜெபக்கூடத்தில் தலை கழுவும் சித்தி

சித்தியின் பார்லருக்குப் போனால் தலைமுடி பச்சையாகிவிடும் என்ற செய்தி, அம்மாவுக்கு அவளுடைய தோழியின் நாத்தனார் மூலமாக வந்தது. நாத்தனாருக்கு யார் சொன்னது என்று கேட்டால், அவள் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் பெண்ணின் அக்கா, நம் சித்தி இருக்கும் ஊரில்தான் இருக்கிறாளாம். இத்தனை வாய் மாறி வந்ததில் செய்திக்குக் கை, கால் எல்லாம் முளைத்திருந்தது.

"சாமி கும்பிட்ட எடத்துல முடி வெட்டினா சும்மா விடுமா? உள்ள போறப்ப கருப்பா போறாங்களாம், வெளிய வர்றப்ப பச்சையா வர்றாங்களாம். ஒருத்திக்குப் புருவம்கூட மாறிடுச்சாம்" என்றாள் அம்மா போனில்.

"புருவத்துக்கு யாரும்மா டை அடிப்பா?"

"அதைத்தான் சொல்றேன். அடிக்காமலே மாறிடுச்சாம்!"

பேசும்போது சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் பயம் பிடித்தது. சித்தி இருப்பது ஒரு நாடு, நான் இருப்பது இன்னொரு நாடு. இரண்டிலும் நாங்கள் வந்து குடியேறியவர்கள்தான். வந்த இடத்தில் ஒருத்தர் தலையைக் கெடுத்தால் வழக்குப் போடுவார்களா, கடையை மூடச் சொல்வார்களா, செய்தித்தாளில் படம் போடுவார்களா என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. லீவு மிச்சம் இருந்தது. "ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வா" என்று அம்மா சொன்னது நல்ல சாக்காயிற்று.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. சின்ன வயதில் வீட்டிலிருந்த பொம்மைகள் அத்தனைக்கும் மொட்டை அடித்தவள் என்று பெயர். ஒரு பிளம்பரைக் கல்யாணம் செய்துகொண்டு வெளிநாடு போனாள். போன நாளிலிருந்து அடுத்தவர் பார்லர்களில் ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்து வேலை செய்தாள். கடைசியாக இருந்தது, ஒரு செருப்புக் கடைக்குக் கீழே, தரைக்கு அடியில் ஒரு அறை. ஜன்னல் கிடையாது. நாள் முழுக்க டியூப் லைட். வருகிறவர்கள் கண்ணாடியில் பார்த்தால் அப்போதுதான் கிணற்றிலிருந்து தூக்கிப் போட்டவர்கள் மாதிரி இருப்பார்களாம். மழை பெய்கிறதா, வெயில் அடிக்கிறதா என்பதை வாடிக்கையாளரின் தோளைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாளாம். அந்த வெளிச்சத்தில்தான் அவள் டை கலக்கக் கற்றுக்கொண்டாள். மற்றவர்கள் அளந்து ஊற்றுவார்கள். சித்தி கிண்ணத்தைப் பார்ப்பாள், தலையைப் பார்ப்பாள், மறுபடி கிண்ணத்தில் ஒரு சொட்டு விடுவாள். "எனக்குக் கண்ணுதான் தராசு" என்பது அவளுடைய பெருமை.

தினமும் அவள் போகிற பஸ், மூடிக் கிடந்த ஒரு ஜெபக்கூடத்தைத் தாண்டிப் போகும். வாசற்படி இடுக்குகளில் புல். மேற்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பெரிய வண்ணக் கண்ணாடி ஜன்னல். அதில் பாதிக் கட்டங்கள் உடைந்து அட்டை வைத்து அடைத்திருந்தது. சபையில் இருந்த இளசுகள் வேலை தேடி ஊரை விட்டுப் போய்விட்டார்கள், பெரியவர்கள் ஒவ்வொருவராக உலகத்தை விட்டுப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் பக்கத்துப் பேட்டையில் இருக்கும் பெரிய சர்ச்சில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கட்டடத்தைப் பற்றி முடிவு சொல்லும் உரிமை மூன்று பேரிடம் இருந்தது. சாவி அதில் ஒருவரிடம். அந்த அம்மாவை ஊரே சாவியம்மா என்றுதான் சொல்லும்.

சித்தி ஒருநாள் பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கி, விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டாள்.

"சாராயக் கடை வைக்கணும்னு ஒருத்தன் வந்தான். கட்டில் பீரோ விக்கணும்னு ஒருத்தன் வந்தான். நீ என்ன வைக்கப் போற?" என்று கேட்டிருக்கிறார் சாவியம்மா.

"பார்லர்மா. முடி வெட்டுவேன், தலை கழுவி விடுவேன்."

சாவியம்மா எழுந்துவிட்டாராம். "தலை கழுவுறியா? நாங்களும் அங்க ஞானஸ்நானம்னு அதத்தான் செஞ்சிட்டு இருந்தோம். வா, காட்டுறேன்" என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம்.

கூடவே நிபந்தனைகளும் வந்தன. சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூடாது. வண்ண ஜன்னலை மறைக்கக்கூடாது. அதற்குக் கீழே இருக்கும் பெஞ்சில் யார் வந்து உட்கார்ந்து ஜெபம் செய்தாலும் ஏன் என்று கேட்கக்கூடாது. ஒரு வருஷம் நடத்திக் காட்ட வேண்டும். பிறகு மூன்று பேரும் கூடிப் பேசி, சித்திக்கே நீண்ட காலத்துக்கு விடுவதா, கட்டில் பீரோக்காரருக்கு விற்றுவிடுவதா என்று முடிவு செய்வார்கள். அவர் அதற்குள் இரண்டு தடவை வந்து கதவின் அகலத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். விற்றுவிட்டால் சித்தி திரும்பவும் செருப்புக் கடைக்குக் கீழேதான் இறங்க வேண்டும்.

உள்வேலை முழுக்கச் சித்தப்பாவுடையது. பிரசங்க மேடை மரத்தாலானது, கீழே வெற்றிடம். தரையைத் தொடாமல் மேடைக்கு அடியிலேயே குழாய்களை இழுத்து, தலை கழுவும் தொட்டிகளை மேலே வைத்தார். முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்கு இரும்பில் கால் செய்து நிறுத்தினார். ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "உயரம் அளவெடுத்த மாதிரி இருக்கு. ஒரே ஒரு குழாய் மட்டும் இழுத்தா..." என்றாராம்.

"இழுங்க. கைய ஒடைக்கிறேன்" என்றாளாம் சித்தி.

அந்தத் தொட்டி இப்போதும் மூடி போட்டு, துடைத்து, அப்படியே இருக்கிறது. ஆனால் ஆராதனையில் அன்றன்றைக்குப் பாட வேண்டிய பாட்டு எண்களைச் செருகும் பலகையைச் சித்தி விடவில்லை. இப்போது அதில் அடுத்து யார் தலை என்று வரிசை எண் தெரிகிறது. பழைய சபைக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்து, எண்ணைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் அந்த எண்ணுக்குரிய பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாராம்.

இன்னொரு வழக்கமும் அங்கே தானாக ஏற்பட்டது. ஜன்னலடிப் பெஞ்சில் யாராவது வந்து கண்ணை மூடினால், முடி காயவைக்கும் மெஷின்களை எல்லாம் சித்தி நிறுத்திவிடுவாள். பாதி ஈரத் தலையோடு இருப்பவர்கள் அப்படியே இருக்க வேண்டியதுதான். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு, "கொஞ்சம் நீளமாவே ஜெபம் பண்ணட்டும், வீட்டுக்குப் போனா வேலைதான்" என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. பெட்டியை இழுத்துக்கொண்டு படியேறும்போது வயதான அம்மா ஒருவர் உள்ளேயிருந்து வந்தார். முதுகு நேராக, நல்ல கோட்டு, கையில் குடை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கிப் போனார். அவர் தலை, குளத்துப் படிக்கட்டின் கடைசிப் படியில் இருக்குமே ஒரு நிறம், அந்த நிறத்தில் இருந்தது. பாசிப் பச்சை. இந்த வயதில் என்ன துணிச்சல் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அம்மா சொன்ன செய்தி அந்த நிமிஷம் எனக்கு நினைவுக்கே வரவில்லை, அலுப்பு அப்படி.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். சித்தி ஊர்க்கதை கேட்டாள். நான் பேச்சுவாக்கில், "உன் கஸ்டமர்ங்க செம ஸ்டைல் சித்தி. குடை வச்சிருந்தாங்களே ஒரு அம்மா, அந்த வயசுலயும் பச்சை கலர் அடிச்சிருக்காங்க" என்றேன்.

சித்தியின் கரண்டி பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. அம்மா சொன்ன செய்தி அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"என்ன கலரு?"

"பச்சை."

"பழுப்புடி அது. நல்ல பாக்குக் கலரு. நான்தானே அடிச்சேன்."

"பச்சை சித்தி. பாசி மாதிரி."

சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, நீங்களும் வாசல்ல பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்" என்றார் சித்தப்பா, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பச்சையாவா இருந்துச்சு?"

"நீ வேணும்னுதான் அடிச்சிருப்பன்னு நெனச்சேன். போன வாரம் பேக்கரிப் பொண்ணுக்கும் அதே கலருதான் இருந்துச்சு. ஃபேஷன் போலன்னு..."

"ஃபேஷனா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"பொம்பளைங்க முடியப் பத்தி நான் வாயத் தொறந்தா அது ஒரு தப்புன்னு நீதானே சொன்ன."

சித்தி எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். விரல்விட்டு யாரையெல்லாமோ நினைத்துப் பார்த்தாள். காலையில் வந்தவர்களைத் தெருவில் பார்த்திருக்கிறாள், அவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகு கண்ணில் படாதவை எல்லாம் மத்தியானத்துக்கு மேல் வந்த தலைகள். அதுவும் ஜன்னலைச் சரிசெய்த பிறகு வந்தவை.

அந்த ஜன்னல் சித்தியின் ஆசை. அட்டை அடைத்த கட்டங்களைப் பார்க்கப் பொறுக்காமல், சாவியம்மாவிடம் சொல்லி, ஒரு கண்ணாடிக்காரரைப் பிடித்து, முன்பு இருந்த மாதிரியே சிவப்புக் கண்ணாடிகளை வைத்து நிரப்பியிருந்தாள். அது முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மத்தியான வெயில் அதன் வழியாக வந்து, நேராக டை நாற்காலியின் மேல் விழும். அந்த வெளிச்சத்தில் எந்தத் தலையும் செம்பட்டையாகத்தான் தெரியும். டை அடிக்கிறவர்களுக்குச் செம்பட்டை என்றால் ஆகாது. சிவப்பை அடக்கப் பச்சை சேர்ந்த டியூபைக் கலப்பார்கள். சித்தியும் கலந்திருக்கிறாள். சிவப்பு அடங்கவில்லை என்று இன்னும் கொஞ்சம். இல்லாத சிவப்புக்கு இருக்கிற பச்சை.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் முடியில செவப்பு ஜாஸ்தின்னு நெனச்சேன்டி. தண்ணி அப்படியோன்னு இவரக்கூட குழாயப் பாக்கச் சொன்னேன்."

"பாத்தேன். தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் சித்தப்பா.

"யாருமே வந்து சொல்லலையா சித்தி?"

"சொல்லல. திரும்பி வரவும் இல்ல." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தம்மா யாருன்னு நெனச்ச? சாவியம்மாடி. ஞாயித்துக்கெழம கூட்டம். அந்த மூணு பேர் கூட்டம், ஒரு வருஷம் ஆயிடுச்சுல்ல. அதுக்கு அழகாப் போகணும்னுதான் வந்தாங்க. நானே வாங்கன்னு கூப்பிட்டேன்" என்றாள்.

அந்தத் தலையோடு அவர் போய் உட்கார்ந்து, இந்தப் பார்லருக்குக் கட்டடத்தைக் கொடுக்கலாமா என்று பேசுவதை நினைத்துப் பார்த்தேன். கட்டில் பீரோக்காரர் அங்கே ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

மறுநாள் காலை, கிண்ணம், பிரஷ், டியூப்கள் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு சித்தி கிளம்பினாள். நானும் போனேன். வழியெல்லாம், அவர் கதவைத் திறக்கவில்லையென்றால், திறந்து கத்தினால் என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். "நீ கல்யாண வீட்டுக்குப் போனாலும் தீயணைப்பு வண்டி எந்தப் பக்கமா வரும்னு பாக்குற ஆளு. பேசாம வா" என்றாள் சித்தி. சொல்லிவிட்டு, அவளும் பையைத் திறந்து டியூப்களை மறுபடி எண்ணிப் பார்த்தாள்.

சாவியம்மா தலையில் துணி சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"அம்மா, மன்னிச்சுக்கங்க. என் தப்புதான்..."

"உள்ள வா. வாசல்லயே மன்னிப்புக் கேட்டா பக்கத்து வீட்டுக்காரிக்கு என் தலை தெரிஞ்சிடும்."

சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். துணியை அவிழ்த்தார். காலை வெளிச்சத்தில் அது நேற்றைவிடப் பச்சையாக இருந்தது. சித்தி ஒரு கொத்து முடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"குளியலறைக் கண்ணாடியில பாத்தப்பவே தெரிஞ்சிடுச்சு. அந்தச் செவப்புக் கண்ணாடிதானே?" என்றார் சாவியம்மா.

"ஒங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"என் கல்யாணம் அங்கதான். சாயங்காலம் வச்சிருந்தாங்க. மேடையில அவர் மொகம் ரோஜாப்பூ மாதிரி இருந்துச்சு. அடடா, நமக்கு வாச்சவன் இப்படி ஒரு அழகனான்னு பூரிச்சுப் போய்க் கையப் புடிச்சேன். வெளிய படிக்கு வந்து பாத்தா, மஞ்சக் காமாலை. கல்யாணம் தள்ளிப்போயிடுமேன்னு மனுசன் யார்கிட்டயும் சொல்லல."

சித்தி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நானும்.

"சிரிங்க சிரிங்க. கல்யாணம் ஆன மறுநாள்லேர்ந்து கஞ்சி வச்சுக் குடுத்தவ நான்தான்" என்றார் அவர். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இம்முறை பச்சையை அடக்கச் சிவப்பு. சித்தி ஒவ்வொரு சொட்டுக்கும் கிண்ணத்தை ஜன்னலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். தலையில் டை ஊறிக்கொண்டிருந்தபோது சாவியம்மா சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"சரி, இனிமே என்ன பண்ணப் போற? ஜன்னலுக்குத் திரை போட்டுடலாம்னு இருக்கியா?"

நான் சித்தியைப் பார்த்தேன். திரை என்பது எனக்கும் வழியெல்லாம் தோன்றியிருந்த யோசனைதான். மத்தியானத்தில் மட்டும், ஒரு மெல்லிய துணி. நிபந்தனையை மீறாமல் எப்படிச் சொல்வது என்றுகூட வார்த்தை தேடி வைத்திருந்தேன்.

"எதுக்கும்மா திரை?" என்றாள் சித்தி. "அது அங்கயே இருக்கட்டும். நான்தான் நாற்காலிய நகத்தணும்."

"எங்க நகத்துவ?"

"தெரியல. வெளிச்சம் எங்க ஒழுங்கா இருக்கோ அங்க."

தலையைக் கழுவித் துடைத்து, கைக்கண்ணாடியைக் கொடுத்தோம். ஜன்னலோரம் போய் நின்று முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பாக்கு நிறம். "நாளைக்குக் கூட்டம். திங்கக்கெழம காலையில உனக்குப் போன் பண்றேன்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா கேட்டார். "என்ன சொன்னாங்க?"

"திங்கக்கெழம சொல்றேன்னு சொன்னாங்க."

"மொகம் எப்படி இருந்துச்சு?"

"மொகத்தப் பாக்கவா போனேன்? தலையப் பாத்தேன்."

அன்று மத்தியானமே நாற்காலி நகர்ந்தது. உள்ளே எங்கே போட்டாலும் ஏதாவது ஒரு நிறம் வந்து மேலே விழுந்தது. நீலம், மஞ்சள், எல்லாம். கடைசியில் சித்தப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசல் கதவுக்கு உட்பக்கம் வைத்தார். டை கலப்பதும் பூசுவதும் அங்கே. நிறம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரத்தில், தலையில் பூச்சோடு ஆளை எழுப்பிப் படிக்கு அழைத்துப் போவாள் சித்தி. "படிக்கு வாங்க" என்றால் அவர்கள் வந்து தெருவைப் பார்த்து நிற்க வேண்டும். சித்தி பின்னாலிருந்து முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பாள்.

"தெருவுல நிறுத்தி வைக்கிறியே, யாராவது புகார் குடுத்தா?" என்றேன்.

"என்னன்னு குடுப்பாங்க? சர்ச்சு வாசல்ல பொம்பளைங்க நிக்கிறாங்கன்னா?"

பச்சையாகப் போனவர்கள் ஒவ்வொருவருக்கும் அவளே போன் செய்து, வந்து சரிசெய்துகொள்ளச் சொன்னாள். சிலர் வரவில்லை. பேக்கரிப் பெண் வந்தாள். ஆனால் தனக்கு அந்தப் பச்சையே பிடித்துப்போய்விட்டது, இன்னும் கொஞ்சம் தூக்கலாக அடிக்க முடியுமா என்று கேட்டாள். "என் தப்ப நீ ஆர்டர் குடுக்கிறியா?" என்று சித்தி அவளை உட்காரவைத்து அதையே பூசிவிட்டாள். அந்தி சாய்வதற்குள் படியில் பூச்சுத் தலையோடு நின்றவர்களைப் பார்த்து, பஸ்ஸில் போனவர்கள் கையசைக்க ஆரம்பித்திருந்தார்கள். படியில் நின்றவர்களும் பதிலுக்குக் கையசைத்தார்கள். தலையைத்தான் அசைக்கக்கூடாது, கையை அசைக்கலாமே.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் போனைப் பார்த்தேன். சித்தி துண்டுகளைத் துவைத்துக் காயப் போட்டாள். "விட்டாங்கன்னா மேடைக்குப் பக்கத்துல இன்னொரு தொட்டி. விடலன்னா செருப்புக் கடை. எதுன்னாலும் துண்டு வேணும்ல" என்றாள். கட்டடத்தைப் பற்றி அவள் அவ்வளவுதான் பேசினாள். ஆனால் சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல், ஜெபக்கூடத்துக்குப் போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். சிவப்பு வெளிச்சம் மேடையில் ஏறி, தொட்டிகளைத் தாண்டி, எதிர்ச் சுவருக்குப் போயிற்று. "நல்லாத்தான் இருக்கு, துரோகி" என்றாள் ஜன்னலைப் பார்த்து.

திங்கட்கிழமை காலை, டாக்ஸி ஓட்டும் ஒரு அம்மாவுக்கு டை பூசி வாசல் நாற்காலியில் உட்காரவைத்த கையோடு, அடுத்ததாக வந்து உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அந்த மூன்று பேரில் ஒருவர். சித்தி துணியைப் போர்த்தி, சீப்பை எடுத்து, எப்போதும்போல் காதுக்கு மேலிருந்து ஆரம்பித்தாள்.

"கூட்டம் நல்லா நடந்துச்சா சார்?"

"நடந்துச்சு. காபி ஆறிப்போயிருந்துச்சு."

"வேற?"

"வேறன்னா? அவங்க போன் பண்ணுவாங்க. நான் முந்திச் சொன்னா என்னைத் தொலைச்சிடுவாங்க. அவங்க தலை ரொம்ப அழகா இருந்துச்சு, அது மட்டும் சொல்லலாம். எனக்குப் பின்னாடி கொஞ்சம் நல்லா கொறச்சிடு."

"இப்படிக் கொறைச்சா அடுத்த மாசம் வரைக்கும் வர வேண்டியதில்ல சார்."

"அடுத்த மாசம் வர்றேன். இங்கயே, இதே நாள், இதே நேரம். எனக்குன்னு வச்சிரு."

நான் கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடி விழும்போது எல்லோரும் கண்ணைச் சுருக்குவார்களே, அப்படித்தான் சுருக்கினார். அதில் சிரிப்பு இருந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சித்தி அவருக்குப் பின்கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வாசல் நாற்காலியில் பூச்சோடு காத்திருந்த டாக்ஸி ஓட்டும் அம்மா, "அக்கா, என் நேரம் ஆயிடுச்சு போல" என்று குரல் கொடுத்தார். சித்தி கையுறையை மாட்டிக்கொண்டு, "படிக்கு வாங்க" என்றாள்.

அவர்கள் படிக்குப் போய் நின்றார்கள். நல்ல வெயில். சித்தி ஒரு கொத்தைப் பிரித்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

அப்போது போன் அடித்தது. மேடைக்குப் பக்கத்தில் கண்ணாடித் தட்டில் இருந்தது. அந்த உயரமான கூரைக்குக் கீழே, ஒரு போன் ஒரு பெரிய கூட்டமே கூப்பிடுகிற மாதிரி ஒலித்தது. திரையில் பெயரைப் பார்த்தேன். சாவியம்மாதான்.

"சித்தி, அவங்கதான்! எடுக்கவா?"

"வேணாம்."

"நின்னுடப் போகுது!"

"நின்னா திரும்பப் பண்ணுவாங்க. இல்ல நான் பண்றேன். என்கிட்ட சொல்லணும்னுதானே கூப்பிடுறாங்க, உன்கிட்டயா? இந்தம்மா தலையில இப்ப கைய எடுத்தா பழையபடி பாசிதான்."

தபால்காரர் துணியைக்கூட எடுக்காமல், நாற்காலியில் சாய்ந்து, நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். எதிரே வந்த பஸ்ஸிலிருந்து யாரோ கையசைத்தார்கள். டாக்ஸி ஓட்டும் அம்மா கையசைத்தார். சித்தி அவருடைய தலையை இரண்டு விரலால் மெல்ல வெயில் பக்கம் திருப்பி, "இன்னும் கொஞ்சம். இப்பத்தான் புடிக்குது, பாருங்க, சரியான கலரு" என்றாள். உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது.